வேட்டிக்குப் பந்தி

(குன்னூர் மார்க்கெட் ஓரம் ஒரு சலவைக் கடை. வெளியே ஐப்பசி மழை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வேட்டியோடு நுழைகிறார்.)

வாத்தியார்: செல்வம், இதைப் பார். கஞ்சி போட்டு அலமாரியில் வைத்த வேட்டி. இப்போது புள்ளிமான் தோல் மாதிரி இருக்கிறது.

செல்வம்: பூஞ்சை சார். ஈரத்தையும் சோற்றையும் சேர்த்து வைத்தால் வராமல் இருக்குமா?

வாத்தியார்: நான் வேட்டிக்குத்தானே கஞ்சி போட்டேன்?

செல்வம்: அதற்கு அதெல்லாம் தெரியாது. பருத்தியே பூஞ்சைக்குச் சாப்பாடுதான். நீங்கள் பந்தியே போட்டிருக்கிறீர்கள்.

வாத்தியார்: அப்போ ஈரம் பட்டாலே பருத்தி வீணா?

செல்வம்: பருத்தியைக் குறை சொல்லாதீர்கள் சார். காய்ந்த நூலைவிட நனைந்த நூலுக்குத்தான் பலம் அதிகம். கல்லில் அடித்தும் தாங்குகிறதே!

வாத்தியார்: போன மாதம் என் சட்டையில் மூன்று பட்டன் தாங்கவில்லையே?

செல்வம்: பட்டன் பருத்தி இல்லையே சார்.

வாத்தியார்: (பெருமூச்சோடு) எப்படிப் பளபளத்த வேட்டி!

செல்வம்: அது காஸ்டிக் சோடாவின் வேலை. ஈரோட்டு மில்லில் நானே பார்த்திருக்கிறேன். துணியை இழுத்துப் பிடித்து அதில் முக்குவார்கள். சப்பையான இழை உப்பி உருண்டுவிடும், வெளிச்சம் பட்டால் மினுங்கும். மெர்சர் என்கிற வெள்ளைக்காரர் 1850-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அவர் இழுத்துப் பிடிக்கவில்லை. துணி சுருங்கியதுதான் மிச்சம். பளபளப்பு வர இன்னும் நாற்பது வருடம் ஆனது.

வாத்தியார்: நாற்பது வருடமாக இழுத்துப் பிடிக்க ஓர் ஆள் கிடைக்கவில்லையா? சரி, பேரன் வாங்கித் தந்த கசங்காத சட்டை எங்கே?

செல்வம்: இதோ. கசங்கவில்லை, ஆனால் காலர் மடிப்பில் விட்டுவிட்டது.

வாத்தியார்: அடித்தாயா?

செல்வம்: ஐயையோ! கசங்காமல் இருக்கத் துணியில் ரெசின் என்கிற பிசினை ஏற்றுவார்கள் சார். அதனால் இழை விறைத்துப் பலம் குறையும். மடிப்பில்தான் முதலில் கிழியும்.

வாத்தியார்: நாளைக்கு மேட்டுப்பாளையத்தில் கல்யாணம். இந்தப் புள்ளி போக என்ன வழி?

செல்வம்: எலுமிச்சையும் உப்பும் தேய்த்து நல்ல வெயிலில் போடுங்கள்.

வாத்தியார்: ஐப்பசியில் குன்னூரில் வெயிலா?

செல்வம்: பஸ்ஸில் எடுத்துப் போங்கள். பர்லியாறு தாண்டினால் ஜன்னல் கம்பியிலேயே காய்ந்துவிடும்.

வாத்தியார்: வேட்டி ஜன்னலில் காய்ந்தால் நான் எதைக் கட்டிக்கொண்டு உட்காருவது?

செல்வம்: அந்தச் சட்டையோடு வந்த கசங்காத பேண்ட் இருக்குமே? உட்காரும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக உட்காருங்கள்.