வேலூர்ல எங்க சாப்பிடலாம்னு கேக்குறவங்களுக்கு

நான் வேலூருக்கு மாத்தலாகி வந்ததுலருந்து தெரிஞ்சவங்க யார் இந்தப் பக்கம் வந்தாலும் ஒரே கேள்வி தான், "ஆம்பூர் பிரியாணி எந்தக் கடைல நல்லாருக்கும்?" கேக்குறது தப்பில்ல, ஆனா மே மாசம் கத்தரி வெயில்ல, மத்தியானம் ரெண்டு மணிக்கு காட்பாடி ஸ்டேஷன்ல இறங்கி நின்னுக்கிட்டு கேக்குறாங்க பாருங்க, அங்க தான் எனக்கு கோவம் வருது. வெயில் காலத்துல இந்த ஊர்ல எங்க சாப்பிடறதுங்கிறது ரெண்டாவது, எத்தன மணிக்கு சாப்பிடறதுங்கிறது தான் முதல்ல. அது புரியாம வந்துட்டு "வேலூர்ல ஒண்ணுமே இல்லப்பா, ஆஸ்பத்திரியும் வெயிலும் தான்"னு ஸ்டேட்டஸ் போட்டுட்டு போயிடறாங்க.

நான் மன்னார்குடிக்காரன். எங்க டெல்டா பக்கமும் வெயில் உண்டு, ஆனா சாயங்காலம் ஆனா கொஞ்சம் காத்து வரும். இங்க சுத்தி மொட்டை பாறை மலை, பகல் பூரா சூட்டைக் குடிச்சிட்டு ராத்திரி பூரா அதை நம்ம மேல விடும், 40 டிகிரி தாண்டுறது எல்லாம் இங்க நியூஸே கிடையாது. வேலூர்னாலே தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு ஒரு பழைய ஜோக்கும் வேற இருக்கு. (சாமி 1981-லயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ள வந்தாச்சு, ஜோக் தான் இன்னும் வெளிய போகல.) இந்த வெயில்ல காலங்காலமா இருக்கிற ஜனங்க என்ன சாப்பிடறதுன்னு முடிவு பண்ணாமயா இருந்திருப்பாங்க, எல்லாம் பண்ணி வச்சிருக்காங்க, நம்ம தான் லேட்டா எந்திரிக்கிறோம்.

காலைல ஆறு மணிக்கெல்லாம் நேதாஜி மார்க்கெட்ல இருக்கணும். எட்டுக்கு மேல போனா கீரை வாடிடும், வியாபாரிக்கும் பேச்சு குறைஞ்சிடும். முதல்ல தேட வேண்டியது இலவம்பாடி முள்ளு கத்தரிக்கா. அணைக்கட்டு பக்கம் இருக்கிற இலவம்பாடி ஊர்ப் பேர்ல வர்ற கத்தரிக்கா, 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. பேர் வந்ததுலருந்து ஊர்ல இருக்கிற கத்தரிக்கா எல்லாமே இலவம்பாடி ஆயிடுச்சுங்கிறது வேற விஷயம். பாக்க வேண்டியது காம்பை, காம்புலயும் அது மேல இருக்கிற பச்சைத் தொப்பிலயும் முள்ளு இருக்கணும், கவனிக்காம அள்ளினா விரல்ல ஏறும். வழவழன்னு இருக்கிற காயை நீட்டி "இலவம்பாடி சார்"னு சொன்னா சிரிச்சிட்டு நகர்ந்துடுங்க. எண்ணெய்ல வதக்கினா வெண்ணெய் கணக்கா குழையும், அதுக்கு மேல மசாலா போடறது அந்த காய்க்கு பண்ற அவமானம்னு நான் சொல்லுவேன், எங்க வீட்டுக்காரம்மா ஒத்துக்க மாட்டாங்க.

இந்த மார்க்கெட்ல எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா, நூறு கிராம் கேட்டாலும் யாரும் முறைக்கிறதில்ல. வேற ஊர்ல நூறு கிராம் பீன்ஸ் கேட்டு பாருங்க, கடைக்காரர் நம்ம மூஞ்சிய ஒரு மாதிரி பாப்பாரு. இங்க சி.எம்.சி.க்கு (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) வைத்தியத்துக்கு வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம்லருந்தெல்லாம் வந்து மாசக்கணக்குல தங்குறவங்க நிறைய பேர், காந்தி ரோட்டை சுத்தி இருக்கிற லாட்ஜ்ல அடுப்போட ரூம் எடுத்து அவங்களே சமைச்சிக்கிறாங்க, ஃப்ரிட்ஜ் கிடையாது, அன்னன்னிக்கு தேவையானது மட்டும் தான் வாங்குவாங்க. அதனால வியாபாரிங்களும் அதுக்கு பழகிட்டாங்க. ஒரு அக்கா, படிப்பு ரெண்டாங்கிளாஸ் தானாம், ஒரு வங்காளத்து பெரியவர்கிட்ட வங்காளியிலயே பேரம் பேசினதை பாத்து நான் வாங்க வந்ததையே மறந்துட்டேன். எங்க ஊர்ல நான் பாத்தே இருக்காத பட்டோல் காயும் கடுகெண்ணெயும் இங்க தெருமுனைல கிடைக்குதுன்னா அதுக்கும் காரணம் இவங்க தான். நோயாளி வீட்டு சமையல் ஒரு மார்க்கெட்டையே இப்படி மாத்தும்னு வர்றதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்.

மாம்பழம் பத்தி சுருக்கமா. சித்தூர் இங்கருந்து முப்பத்தஞ்சு கிலோமீட்டர் தான் இருக்கும், 1911 வரைக்கும் வட ஆற்காடு ஜில்லாவுக்கு தலைநகரமே சித்தூர் தான், அதுக்கப்புறம் தான் வேலூருக்கு வந்துச்சு. ஜில்லா எல்லைக் கோடு போட்டவங்க போயிட்டாங்க, மாங்கா லாரி இன்னும் அந்த பக்கத்துலருந்து தான் வந்துக்கிட்டிருக்கு. பங்கனப்பள்ளி வாங்குறவங்க கலரை பாக்காம காம்பு பக்கம் மோந்து பாத்து வாங்குங்க, வாசனை இல்லாம மஞ்சளா மட்டும் இருந்தா கல்லு வச்சு பழுக்க வச்சதுன்னு சந்தேகப்படுங்க, அந்த கார்பைடு கல்லுக்கு எப்பவோ தடை போட்டாச்சு. கிளிமூக்கு மாங்காவை பத்தை போட்டு மிளகாத்தூள் உப்பு தூவி தர்ற வண்டிக்கு மட்டும் நேரம் காலம் கிடையாது, எப்ப கண்டாலும் நிறுத்தலாம்.

ஒம்பது மணிலருந்து பதினொரு மணி வரைக்கும் கூழு. இதுக்கு தான் நான் இவ்ளோ நீளமா எழுதுறதே. எங்க பக்கம் வெயில்னா பழைய சோறு, இங்க கேழ்வரகு. மாவை முந்தின நாள் கரைச்சு வச்சு புளிக்க விட்டு, நொய்யரிசி வேக வச்சு அதுல மாவை ஊத்தி கிண்டி, மறுநாள் அந்த களியை மோர் விட்டு கையால கரைச்சு, சின்ன வெங்காயம் போட்டு சொம்புல தருவாங்க. தொட்டுக்க மோர் மிளகா, கொத்தவரங்கா வத்தல், மாங்கா, கேட்டா கருவாடு. நான் வழக்கமா குடிக்கிற வண்டி ஆயா, நான் ஸ்பூன் கேட்டப்ப என்னை ஏற இறங்க பாத்துட்டு "இன்னா கண்ணு, ஒடம்பு கிடம்பு சரியில்லியா, அப்டியே தூக்கி குடி, வெங்காயத்த கடிச்சிக்கோ"ன்னு சொல்லிச்சு. பக்கத்துல லோடு ஏத்துற அண்ணன் ஒருத்தர், பேங்க் பையோட ஒருத்தர், பள்ளிக்கூட வேன் டிரைவர், எல்லாரும் நின்னுக்கிட்டே குடிக்கிறோம். ரெண்டு சொம்பு குடிச்சா மூணு மணி வரைக்கும் பசிக்காது, தண்ணி தாகமும் எடுக்காது. ஆடி மாசம் அம்மன் கோயில்ல ஊத்தும்போது மட்டும் பக்தியா வாங்கி குடிச்சிட்டு, மத்த நாள்ல தெருவுல நின்னு குடிக்க கூச்சப்படுற ஆளுங்களை பாத்தா எனக்கு சிரிப்பு தான் வருது.

பன்னெண்டுலருந்து நாலு வரைக்கும் வெளிய வராதீங்க. வந்தே ஆகணும்னா நுங்கு. இளசா இருக்கணும், கட்டை விரலால லேசா அமுக்கினா உள்ள போகணும், உள்ள தண்ணி ஆடணும், முத்திப் போனா வயித்து வலி தான் மிச்சம். மேல் தோலை தூக்கி போடாதீங்க, வேர்க்குருவுக்கு தடவிக்கலாம், எந்த பவுடரும் கிட்ட வராது. பதநீர் விடியக்காலைல குடிச்சிடணும், சுண்ணாம்பு தடவின பானைல இறக்கினது தான் பதநீர், இல்லன்னா புளிச்சு வேற சரக்காயிடும். தர்பூசணிக்கு 2025-ல சாயம் ஊசி போடறாங்கன்னு ஒரு பீதி கிளம்பி திண்டிவனம் பக்கத்து விவசாயிங்க வயித்துல அடிச்சாங்க, அந்த வருஷம் நான் வேணும்னே தினம் வாங்கினேன்.

ஏசி போட்ட ஜூஸ் கடைங்க பத்தி என் கருத்து கேட்டா சண்டை தான் வரும். ரோஸ் கலர் சிரப், பால் பவுடர், அதுக்கு மேல ஜெல்லி, அதுக்கு மேல ஐஸ்கிரீம், நூத்தி அம்பது ரூபா, குடிச்சு முடிச்சதும் முன்ன விட அதிகமா தாகம் எடுக்குது. அதுக்கு தெருவுல நன்னாரி சர்பத் எவ்வளவோ மேல். என்ன, ஐஸ் விஷயத்துல மட்டும் ஜாக்கிரதை, மீன் பெட்டிக்கு போடற பாளம் ஐஸ் நீலக் கலர்ல இருக்கணும்னு 2018-லருந்தே விதி இருக்கு, ஆனா ஒடைச்சு கிளாஸ்ல போட்டப்புறம் நீலமா வெள்ளையான்னு யாரு பாக்குறா. நான் ஐஸ் இல்லாம பானைத் தண்ணில தான் கேப்பேன், கடைக்காரங்க கோச்சுக்கிறதில்ல.

வெயில் தாழ்ந்ததும் கோட்டை. அகழியை ஒட்டி நடந்தா வெள்ளரிப் பிஞ்சு, சுண்டல், வேகவச்ச கடலை, குல்ஃபி. காந்தி ரோட்டு பக்கம் திரும்பினா ஜால்முரி, பொரில கடுகெண்ணெய் வாடை தூக்கும், முதல்ல மூக்கு ஏத்துக்காது, அப்புறம் அது இல்லாம பொரி பொரியாவே தெரியாது. சித்ரா பௌர்ணமி ராத்திரி மண்டித் தெரு பக்கம் புஷ்பப் பல்லக்குங்க வந்து நிக்கும்போது மட்டும் இந்த டைம்டேபிள் எதுவும் செல்லாது, விடிய விடிய ஊரே முழிச்சிருக்கும், சாப்பாட்டு வண்டிங்களும் தான்.

பிரியாணி வேணாம்னு நான் சொல்லல. சீரக சம்பா அரிசி, காஞ்ச மிளகா அரைச்ச விழுது, பக்கத்துல புளிப்பா கத்தரிக்கா, எல்லாம் அருமை தான், ஆனா அதுக்கு ஆம்பூருக்கே போங்க, அம்பது கிலோமீட்டர் தான், மழை பெய்ஞ்சப்புறம் போங்க. ஆற்காடு மக்கன் பேடாவும் அதே கணக்கு, கோவாவும் முந்திரியும் வச்சு பொரிச்சு பாகுல ஊற வச்ச ஐட்டத்தை மே மாசம் மத்தியானம் ரெண்டு சாப்பிட்டுட்டு பஸ்ல உக்காந்து பாருங்க, அப்புறம் ஆற்காட்டு நவாப்பையே திட்டுவீங்க.

அடுத்து பொய்கை சந்தை. செவ்வாக்கிழமை கூடுற மாட்டுச் சந்தை, ஆபீஸ்ல லீவு சொல்லியாச்சு. மாடு வாங்குற ஐடியா எல்லாம் இல்ல, ஆனா விடியக்காலைல அவ்ளோ ஜனம் கூடுற எடத்துல சாப்பாடு மோசமாவா இருக்கும். வண்டில ஒரு சீட்டு காலியா இருக்கு, வர்றவங்க திங்கக்கிழமை ராத்திரிக்குள்ள சொல்லிடுங்க, பிரியாணி கேக்குறவங்க வேணாம்.