கார்பன் பிளேடு எல்லாருக்கும் ஏத்ததில்ல

அண்ணாச்சி, டேபிள் டென்னிஸ் மட்டையில ரப்பர் ஒட்டுற பலகையான பிளேடைப் பத்தி, ‘கார்பன் பிளேடுன்னா முழுக்கக் கார்பன், புதுசா ஆடுறவனும் அதையே வாங்கணும்’னு நீங்க எழுதினது தப்பு. சர்வதேச விதிப்படி பிளேடோட தடிமன்ல 85 சதவீதமாவது மரம்தான் இருக்கணும். மர அடுக்குகளுக்கு இடையில வைக்கிற கார்பன் நாரிழை எங்க இருக்குங்கிறதுதான் விஷயம். மேல்மரத்துக்கு அடியிலேயே இருந்தா லேசாத் தொட்டாலும் பந்து பாயும். நடுமரத்தை ஒட்டி இருந்தா மெல்லத் தொடுறப்போ மரப் பிளேடு மாதிரி அடங்கும், ஓங்கி அடிச்சாத்தான் வேகம் காட்டும்.

பாளையங்கோட்டையில பழகுற பிள்ளைங்களைக் கவனிங்க. வேகப் பிளேடு வச்சிருக்கவன் வலைக்குப் பக்கத்துல விழுற ஷார்ட் சர்வீஸைத் திருப்புனா பந்து வலைக்கு மேல எழும்பிரும். எதிராளி ஒரே அடியா அடிச்சிருவான். பாவம், பையன் தன் கையைத்தான் குறை சொல்லுவான். முதல்ல ஐந்தடுக்கு மரப் பிளேடு, 85 கிராம் பக்கம் போதும். வேகம் பத்தலைன்னா ரப்பரை மாத்திப் பாக்கட்டும்.