கல்லைக் கண்டால் முகத்தைக் காணோம்

நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஒன்பது கற்சிலைகள், எல்லாம் ஒரே உயரம். கீழே, 'உலகம் முழுக்க ஒரே தாய்த்தெய்வம்' என்று ஒரு வரி. முதலில் நானும் வாயைப் பிளந்துதான் பார்த்தேன். அப்புறம் எரிச்சல்தான் வந்தது.

ஆஸ்திரியாவில் 1908இல் கிடைத்த 'வில்லண்டார்ஃப் வீனஸ்' என்ற பெண் சிலையும் செர்பியாவின் லெபென்ஸ்கி வீர் சிலையும் அதில் அக்கா தங்கை மாதிரி நிற்கின்றன. முதலாவது 11 சென்டிமீட்டர்தான், கைக்குள் அடங்கிவிடும். முகமே கிடையாது, தலையைச் சுற்றிப் பின்னலோ தொப்பியோ வரிவரியாக ஓடுகிறது. பாதமும் இல்லாததால் தானாக நிற்காது. வயது சுமார் 30,000 ஆண்டுகள். மற்றதோ டான்யூப் ஆற்றங்கரையில் மீன் தின்று வாழ்ந்தவர்கள் வீட்டுத் தரையில், அடுப்புக்குப் பக்கத்தில் பதித்துவைத்த கனத்த மணற்கல். வட்டக் கண், மீன் வாய். வயது சுமார் 8,000. நமக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இதில் எங்கே அக்கா, எங்கே தங்கை?

சாயலை விட்டுவிட்டுக் கல்லைப் பார்த்தால் எவ்வளவு கிடைக்கிறது தெரியுமா? வில்லண்டார்ஃப் சிலையை ஸ்கேன் செய்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தச் சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் ஆல்ப்ஸுக்குத் தெற்கே, வட இத்தாலியின் கார்டா ஏரிப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டுமாம். கல்லுக்குள் கடினமான இரும்புத்தாது உருண்டைகள் இருந்திருக்கின்றன. செதுக்கும்போது சில பெயர்ந்து குழி விழுந்திருக்கிறது. அப்படி விழுந்த ஒரு குழியைத்தான் செதுக்கியவர் தொப்புளாக்கிவிட்டார் போல. எனக்கு அந்த ஒரு குழி போதும், ஒன்பது படம் வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவின் மகாபன்ஸ்காட் குகையில் கிடைத்த கூழாங்கல்லில் இரண்டு கண்ணும் வாயும் அச்சாக இருக்கும். ஆனால் எந்தக் கையும் செதுக்கியதல்ல, தானாகத் தேய்ந்து வந்த முகம். குகைக்குள் அந்த வகைக் கல் கிடையாது என்பதால், சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் யாரோ அதை எடுத்து வந்திருக்கலாம் என்கிறார்கள்.

எனக்கும் இன்பாக்ஸில் 'முகக்கல்' படங்கள் வரும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது, உளித்தடம் உண்டா என்று கேட்டால் பதில் வராது. ஒரு நண்பர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. ஆற்றுமணலில் பொறுக்கிய கல்லைப் போய் 'கற்காலச் சிலை' என்றால் நான் என்ன சொல்ல?

மத்தியப் பிரதேசத்தின் பாகோரில் ஒரு கல் கிடைத்தது. 10,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது. கற்களை வட்டமாக அடுக்கிய மேடையில் கிடந்த துண்டுகளை ஒட்டிப் பார்த்தபோது ஒரு முக்கோணம் வந்தது. அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாக வண்ண வரிகள், எல்லாம் இயற்கையாக அமைந்தவை. அந்தப் பக்கத்துக் கோல், பைகா பழங்குடி மக்கள் இன்றைக்கும் அதே மாதிரிக் கல்லை மேடையில் வைத்து அம்மனாகக் கும்பிடுகிறார்கள். நிஜமாகவே தாய்த்தெய்வம் பற்றிப் பேசலாம் என்றால் இதை வைத்துத்தான் பேசலாம். அந்த ஒன்பதில் இது இல்லை. கண்ணும் மூக்கும் இல்லாத கல்லை யார் ஃபார்வர்ட் செய்வார்கள்?