வாழைப்பழம் சிறுநீர்ப்பை வலியைத் தணிக்குமா?

பொட்டாசியம் சேனல்களை, அதாவது செல்லின் சவ்வில் பொட்டாசியம் கடந்துசெல்லும் நுண்வாயில்களை, திறக்கும் மருந்துகள் சிறுநீர்ப்பை வலியைக் குறைக்கக்கூடும் என்பதால், பொட்டாசியம் நிறைந்த வாழைப்பழமும் இளநீரும் அதே வேலையைச் செய்யும் என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. ரெட்டிகாபின் போன்ற மருந்து உணர்வு நரம்பின் சவ்விலுள்ள சேனலைத் திறக்கும்போது, பொட்டாசியம் உள்ளிருந்து வெளியேறுகிறது. நரம்பின் உட்புறம் மேலும் எதிர்மின்னேற்றம் பெறுவதால், பை நிறைந்து விரிவதை மூளைக்குச் சொல்லும் துடிப்புகள் குறைகின்றன. உண்ணும் பொட்டாசியமோ அந்தச் சேனலைத் திறக்கும் சாவியன்று. மிகுதியைச் சிறுநீரகம் பிரித்து, அதே சிறுநீர்ப்பைக்குத்தான் அனுப்பி வைக்கும். நரம்புக்கு வெளியே பொட்டாசியம் கூடினால் விளைவு நேர்மாறாகி, நரம்பு எளிதில் கிளர்ச்சியுறும். சிறுநீர்ப்பைக்குள் பொட்டாசியம் குளோரைடு கரைசலைச் செலுத்திப் பார்க்கும் பழைய பரிசோதனையில் இடைத்திசுச் சிறுநீர்ப்பை அழற்சி எனும் நாள்பட்ட சிறுநீர்ப்பை வலி நோயாளிகள் பலர் வலியால் துடித்ததற்கு இவ்வாறே விளக்கம் தரப்பட்டது.

மருந்தின் கதையும் அவ்வளவு இனிப்பானதன்று. வலிப்பு நோய்க்காக 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெட்டிகாபின், சிலருக்குச் சிறுநீர் வெளியேறாமல் தேங்குவதையும், தோலிலும் விழித்திரையிலும் நிறமாற்றத்தையும் உண்டாக்கியது; 2017இல் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. சிறுநீர்ப்பை வலிக்கென அது அனுமதிக்கப்படவே இல்லை. சிறுநீரகம் பழுதானவர்கள் இச்செய்தியை நம்பிப் பொட்டாசியத்தைக் கூட்டிக்கொண்டால், இதயத் துடிப்பே தடுமாறக்கூடும்.