வழுக்கியாறு வாய்க்கால் இல்லை

போன ஞாயிறிலிருந்து சுற்றுகிற அந்த வீடியோவை நான் திரும்பவும் பகிரப் போவதில்லை. பார்க்காத ஆள் இங்கே இல்லை. வழுக்கியாற்றங்கரையால் நடக்கலாம் என்று நான் சொல்லிவருவதைக் கேலி செய்கிற வீடியோ அது. யாழ்ப்பாணக் கோட்டையடியில் செல்பியோடு தொடங்கி, கல்லுண்டாய் வெளியில் முகத்தைச் சுழித்து, அராலியில் காய்ந்த தரையைக் காட்டி "இதுதானாம் ஆறு, இதுக்குத்தானாம் நடை" என்று சிரித்து, ஓட்டோவில் ஏறுவதோடு முடிகிறது. கீழே நாலு பேர் "வெள்ளவாய்க்காலுக்கு வந்த வாழ்வு" என்று எழுதியிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். சரி, இருக்கட்டும்.

ஆவணி மாதம். பகல் பதினொன்றரை. காலில் பாட்டாச் செருப்பு. கையில் அரை லீற்றர் போத்தல். இப்படிப் போய்விட்டு ஆற்றைக் குறை சொல்கிறீர்கள். வழுக்கியாறு (வழுக்கையாறு என்பவர்களும் உண்டு, அந்தச் சண்டை வேறொரு நாளைக்கு) மழைக்கால ஆறு. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். அதைக் கோடையில் போய்ப் பார்த்து "தண்ணி இல்லை" என்பது, கார்த்திகையில் மாம்பழம் தேடிவிட்டு மரத்தைத் திட்டுகிற கதை.

ஏன் காய்கிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. குடாநாட்டின் அடியில் சுண்ணக்கல். பெய்கிற மழை மேலே ஓட முன்னம் உள்ளே இறங்கிவிடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் விழுகிற பெருமழையில் நிலம் குடித்து முடிக்காத மிச்சம்தான் தெல்லிப்பழைப் பக்கத்துத் தாழ்வில் திரண்டு, கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று குளங்களையும் வயல்களையும் தொட்டுக்கொண்டு, தென்மேற்கே அராலியில் கடல்நீரேரிக்குள் விழுகிறது. தை முடிய ஓட்டம் குறையும். பிறகு அங்கங்கே குட்டையாக நிற்கும். பிறகு காயும். காய்ந்தாலும் அது ஆறுதான். வாய்க்கால் இல்லை.

வழியைச் சொல்லிவிடுகிறேன், மிச்சச் சண்டையைப் பிறகு பிடிப்போம். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் விடிய ஐந்தரைக்குத் தொடங்க வேண்டும். நூலகத்தைக் கடந்து, கோட்டை அகழியோரமாகப் பண்ணைக்கு வந்தால் இடப்பக்கம் கடல்நீரேரி. தீவுப்பக்கம் போகிற பாலத்தில் ஏறாமல் கரையோரமாக நாவாந்துறை, பிறகு காக்கைதீவு. ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம். ஏழு மணிக்கு முன் போனால் மீன்சந்தை உயிரோடு இருக்கும். போத்தலை அங்கேயே நிரப்புங்கள். ஆளுக்கு இரண்டு லீற்றர், அதற்குக் குறைய வேண்டாம்.

அடுத்த நாலு கிலோமீற்றர் கல்லுண்டாய் வெளி. எட்டு மணிக்கு முன் கடக்க வேண்டிய துண்டு இதுதான், ஏனென்றால் நிழலே கிடையாது. சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் இடப்பக்கத்திலிருந்து அடிக்கிற காற்றில் தொப்பி நிற்காது, கண்ணுக்குள் உப்புத்தூள் வந்து விழும். நகரத்துக் குப்பையின் நாற்றமும் புகையும் உண்டு. அதை நான் மறைக்கவில்லை, வீடியோக்காரர் முகம் சுழித்ததில் அந்த இடம் மட்டும் நியாயம். ஆனால் றோட்டை விட்டு இறங்கி வெள்ளையாகத் தெரிகிற தரவையால் (வெறும் உப்புவெளி) குறுக்கே போகப் பார்த்தார்களே, அது மடத்தனம். மேலே உப்பு பொருக்கு மாதிரிக் காய்ந்திருக்கும், விரலால் தட்டினால் சத்தம் கேட்கும். ஒரு கால் வைத்தால் தாங்கும். மற்றக் காலையும் வைத்து முழுப்பாரமும் விழுந்ததும் பொருக்கு உடைந்து, அடியில் கறுப்புச் சுரி கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும். காலை இழுத்தால் பாட்டா உள்ளே நிற்கும். வீடியோவில் ஒருவர் ஒற்றைச் செருப்போடு ஓட்டோவில் ஏறுவது ஏன் என்று யோசித்தவர்களுக்கு இதுதான் விடை.

அராலியில் தடுப்பணை. வீடியோவில் "இந்தச் சுவர் எதுக்கு?" என்று கேட்ட பகுதி. மாரியில் கதவைத் திறந்து வெள்ளத்தைக் கடலுக்கு விடுவதற்கு. மழை ஓயக் கதவை மூடி, மிஞ்சிய நன்னீரை உள்ளே மறித்து, கடலுப்பை வெளியே நிறுத்துவதற்கு. பிந்தித் திறந்தால் மேலே வயல் அழுகும். பிந்தி மூடினால் நல்ல தண்ணீர் முழுக்கக் கடலுக்குப் போய்விடும். மறித்த தண்ணீர்தான் மெல்ல மெல்லச் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி அயலட்டைக் கிணறுகளுக்குப் போகிறது. நீங்கள் குடிக்கிற தண்ணீரைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறீர்கள்.

அங்கிருந்து ஆற்றை எதிர்த்து வடகிழக்கே நடை. இதுதான் முழுவழியிலும் நல்ல பகுதி. இரண்டு பக்கமும் வயல், நடுவில் ஆற்றோரத்து மண்கட்டு, தூரத்தில் பனங்கூடல். தையில் போனால் கதிர் முற்றி நிற்கும், காலையில் கட்டுப் புல் நனைந்திருக்கும், தண்ணீரோரம் கொக்கும் மீன்கொத்தியும். கட்டு ஒரே நீட்டாகப் போகாது. ஒவ்வொரு மதகடியிலும் அறுபடும். அங்கே றோட்டில் ஏறி, கடந்து, எந்தப் பக்கக் கட்டு திறந்திருக்கிறது என்று பார்த்து இறங்க வேண்டும். ஒரு பக்கம் முட்கம்பி என்றால் பெரும்பாலும் மற்றப்பக்கம் வழி இருக்கும். ஓடுகிற தண்ணீருக்குள் இறங்கிக் கடக்கவே கூடாது, அடியில் எவ்வளவு பள்ளம் என்று மேலே தெரியாது. பெருமழைக்குப் பிறகு மூன்று நாள் பொறுங்கள், களிமண் கட்டு சவர்க்காரம் மாதிரி வழுக்கும். அறுவடை நேரம் புடையன் பாம்பு வயலோரம் இருக்கும், ஆகவே மூடின சப்பாத்து, கையில் தடி, தட்டித் தட்டி நடை. சண்டிலிப்பாய் தாண்டிக் கந்தரோடை. கோட்டையிலிருந்து கணக்குப் பார்த்தால் பதினெட்டுக் கிலோமீற்றர் வரும். 1917 தொடக்கம் வரலாற்றாய்வாளர் போல் ஈ. பீரிஸ் (Paul E. Pieris) கிண்டிப் பார்த்த அந்தச் சின்னப் பௌத்த தூபிகளைப் பாருங்கள், ஏறாதீர்கள். பிறகு சுன்னாகம் ஸ்டேஷனுக்கு நடந்து ரயிலில் திரும்பலாம், நேரத்தை முதல் நாளே பார்த்து வைத்தால்.

இனி நீங்கள் கேட்கப் போகிறவை.

"இந்த வெய்யிலில ஆர் நடப்பான்?" விடிய எழும்புகிறவன் நடப்பான். அடுத்தது.

"வெளிநாட்டிலை கண்டதை இங்கை கொண்டுவராதை." நான் கேட்பது உங்கள் ஊர் வயற்கட்டில் நடக்கச் சொல்லி. அது எந்த வெளிநாடு? அந்தக் கட்டில் ஒருநாள் நின்றபோது சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு ஐயா கேட்ட கேள்வி: "தம்பி எந்தத் திணைக்களம்?" சும்மா நடக்கிறேன் என்று சொன்னதை அவர் கடைசி வரை நம்பவில்லை. காணி அளக்க வராத ஒருவன் ஆற்றங்கரையில் நிற்கலாம் என்பதே எங்களுக்கு மறந்து போயிருக்கிறது. அதுவும் என் குற்றமா?

"பொம்பிளைப் பிள்ளையள் தனிய போகேலுமோ?" இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கல்லுண்டாய் வெளி ஆளரவம் குறைந்த இடம். நாலு பேராகப் போங்கள் என்றுதான் சொல்ல முடிகிறது. அப்படிச் சொல்ல வேண்டியிருப்பது வெட்கம்தான்.

"ஒரு நடைபாதை போட்டுத் தந்தால் போவம்." இதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம். ஐயா, வேண்டாம். கல் பதிக்க வேண்டாம், இருக்கை வேண்டாம், கலர் லைட் வேண்டாம், "ஐ லவ்" என்று எழுதின பலகை தயவு செய்து வேண்டாம். கட்டின் மேல் கொங்கிறீற் போட்டால் மழைநீர் இறங்கிற மண் மூடப்படும், வயலுக்கு மாடும் உழவு இயந்திரமும் போகிற வழி கெடும். வேண்டியது அறுபட்ட இடத்தில் மண் போட்டு இறுக்குவதும், மதகுகளைத் துப்புரவாக்குவதும், முட்கம்பியை ஒரு மீற்றர் பின்னால் நகர்த்துவதும்தான். மண்வெட்டி வேலை. படம் எடுக்க அழகாக இராது, அதனால்தான் நடக்கவில்லை போலும்.

1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" கொண்டுவரத் திட்டம் போட்டார். இன்றைக்கும் மேடைக்கு மேடை அந்த ஆற்றைப் பற்றிக் கதைக்கிறோம். கதைக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வராத ஆற்றுக்கு இவ்வளவு கைதட்டு, இருக்கிற ஆற்றுக்குச் சிரிப்பு முகம். அதுவும் அதன் கரையில் பிறந்து வளர்ந்தவர்களே போடுகிறார்கள். அந்த இரண்டு பேரைத்தான் சொல்கிறேன், உங்களுக்கு விளங்கும்.

நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று உங்கள் வீடியோவிலேயே இருக்கிறது. கடைசி நிமிடத்தில், ஓட்டோ திரும்புகிற இடத்துக்குப் பின்னால் பாருங்கள். யாரோ தன் வளவுக்குக் கார் போக வழி எடுக்க, ஆற்றுக்கு வந்து சேர்கிற கிளையைக் கட்டிட இடிபாடு கொட்டி நிரப்பி, அடியில் ஒரேயொரு 9 அங்குலக் குழாய் வைத்திருக்கிறார். அந்த இடத்தில் கிளை ஓடுகிற தாழ்வு நாலு மீற்றர் அகலம். வெள்ளம் அரை மீற்றர் உயர்ந்தால் போக வேண்டிய தண்ணீரில் ஐம்பதில் ஒரு பங்குக்குத்தான் அந்தக் குழாயில் இடம். அதுவும் ஒரு பிளாஸ்ரிக் பை போய் வாயை அடைக்காத வரைக்கும். மிச்சத் தண்ணீர் பின்னுக்கு ஏறி, மேற்புறத்து வீடுகளின் முற்றத்தில் நிற்கும். கார்த்திகையில் அந்த வீடுகளில் ஒருத்தர் தன் வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்று வீடியோ எடுப்பார். அதற்கும் சிரிப்பு முகம் போடுவீர்களோ தெரியாது.