வழக்கு அந்த அக்காவுக்கு, பூட்டுப் போட்ட வளவுக்கு யார் பொறுப்பு?

தண்ணீர்ப் பீப்பாவில் டெங்கு நுளம்புக் குடம்பி இருந்தது என்று வழக்குப் போடப்பட்ட ஒரு அக்காவின் படத்தைப் போட்டிருந்தார்கள். அதைப் பற்றி எழுதாமல் இருப்போம் என்றுதான் நினைத்தேன். எல்லாரும் பார்த்திருப்பீர்கள். முகத்தை மறைத்துவிட்டு, வாசலையும் நீலப் பீப்பாவையும் வடிவாகக் காட்டியிருந்தார்கள். அந்த வாசலைத் தெரியாத ஆள் ஊரில் உண்டா? கீழே ‘ஊத்தைச் சனம்’, ‘தண்டம் காணாது’ என்று ஒரே சிரிப்பு.

பீப்பாவில் குடம்பி இருந்தது, சரி. அந்தப் பீப்பா ஏன் அங்கே இருந்தது? அந்த ஒழுங்கைக் கிணறுகள் முழுக்க உவர். தண்ணீர்ப் பவுசர் வருகிற அன்று பிடித்து வைத்தால்தான் உலை கொதிக்கும். குழாயில் தண்ணீர் வருகிற வீட்டிலிருந்து ‘சேமித்து வைக்காதே’ என்று புத்தி சொல்வது மிகவும் சுகம்.

டெங்கு ஊத்தையால் வருகிற வருத்தம் இல்லை. நாறுகிற வெள்ளவாய்க்காலை விட, நீங்கள் ஆசையாக வைத்திருக்கும் பூச்சாடித் தட்டில் தேங்கிய தெளிந்த தண்ணீர்தான் அந்த நுளம்புக்கு வாய்ப்பு. கூரைப் பீலியில் இலை அடைத்து நிற்கிற தண்ணீரும் அப்படித்தான். உவர் கலந்த தண்ணீரிலும் அது பெருகும் என்று எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் ஆராய்ச்சியாளர்கள் எழுதிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. கரையோரத்தில் கைவிட்ட கிணறுகளில்கூடக் குடம்பிகளைக் கண்டார்கள். கைவிட்டவர் யார் என்பதுதான் என் கேள்வி.

என் அம்மாவுக்கு ஒரு மார்கழியில் டெங்கு வந்தது. வார்டில் கட்டில் இல்லை, பாயில் படுக்க வைத்தோம். இரத்தத் தட்டுகள் எத்தனை என்று கேட்பதற்காகத் தாதியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற நேரங்கள் எனக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்தால், பார்க்க வந்த ஒரு மாமி கதிரையில் இருக்கவில்லை. கண்ணால் முற்றத்தை அளந்துவிட்டு, ‘வளவைக் கொஞ்சம் துப்புரவா வைச்சிருக்கலாம் என்ன’ என்றார். முற்றம் கூட்டாமல் தேத்தண்ணி குடிக்காத மனுசி என் அம்மா. அந்த ஒரு வசனம் காய்ச்சலை விட அவவை வருத்தியது.

எங்கள் மதிலுக்கு அடுத்த பக்கம் பூட்டிய வீடு. ஆட்கள் கனடாவில். வீடு கட்டியபோது சீமெந்துக்குத் தண்ணீர் எடுத்த தொட்டி இன்னும் பின்வளவில் திறந்தபடி கிடக்கிறது. கதிரை வைத்து ஏறி எட்டிப் பார்த்தேன். ரோச் வெளிச்சம் பட்டதும் கரும்புள்ளிகள் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தார், படலையில் பூட்டைப் பார்த்தார், அறிவித்தல் ஒட்டினார், போனார். கடதாசி அடுத்த மழையோடு கரைந்தது. உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். முதலில் ஒரு கட்டைவிரல். பிறகு, ‘தம்பி, நல்லூர்த் திருவிழாவுக்கு வருவம், அப்ப பாப்பம்.’ நல்லூர்த் திருவிழா இனி அடுத்த ஆண்டு ஆவணிப் பக்கம். நுளம்பு ஐப்பசி மழைக்கே பெருகத் தொடங்கிவிடும், தண்ணீர் விழுந்தால் ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும். கோடையில் தொட்டி காய்ந்தாலும் முட்டை மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். அதற்குத் திருவிழாத் திகதி தெரியாது.

‘நாங்கள் அனுப்பிய காசில்தானே ஊர் நிமிர்ந்தது’ என்று இப்போதே சிலர் எழுதத் தொடங்கியிருப்பீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. கோயிலுக்குக் கோபுரம் கட்டினீர்கள், பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் கட்டினீர்கள். ஒரு தொட்டியைக் கவிழ்க்க ஆள் இல்லையா? 2007இல் வந்த நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் குடியிருப்பவரோடு உரிமையாளரையும் பொறுப்பாக்குகிறது. ஆனால் நீதிமன்றப் படி ஏறுவது பீப்பாக்காரி.

‘அப்ப ஒருவரையும் தண்டிக்க வேண்டாமா?’ தண்டியுங்கள். பூட்டிய வளவிலிருந்து தொடங்குங்கள்.

‘புகை அடித்தால் சரிதானே’ என்பவருக்குப் பெரிய பதில் தேவையில்லை. புகையில் சாவது பறக்கிற நுளம்பு. தொட்டிக்குள் இருக்கிறது அப்படியே இருக்கும்.

இன்னொன்று. அந்த நுளம்பு தானாகச் சில நூறு மீற்றருக்கு மேல் போவது அரிது. கொழும்பிலிருந்து வைரஸை இங்கே கொண்டு வருவது பஸ்ஸிலும் யாழ்தேவியிலும் விடுமுறைக்கு வருகிற நாங்கள்தான். அந்த அக்கா ஊரை விட்டு அந்தப் பக்கம் போய் எத்தனை காலமோ. மலேரியாவைப் பாருங்கள். 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. காய்ச்சல்காரரைத் தேடிப்போய் விரலில் குத்தி இரத்தம் எடுத்துத்தான் அங்கே வந்து சேர்ந்தோம். ஒரு ஏழைப் பெண்ணின் வாசலைப் படம் பிடித்துப் போட்டு அல்ல. அதே ஆண்டு கடைசியில் மன்னாரில் இன்னொரு வகை மலேரியா நுளம்பைப் பிடித்தார்கள், பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். அதற்கும் கிணறும் தொட்டியும்தான் வீடு.

ஐயா, அம்மா, வெளிநாட்டில் இருப்பவர்களே, காசு கேட்கவில்லை. படலைத் திறப்பை ஊரில் யாரிடமாவது கொடுத்து வையுங்கள். என்னை நம்பாவிட்டால் கிராம சேவகரிடம் கொடுங்கள். தொட்டியின் அடியில் ஒரு ஓட்டை போட உளியும் சுத்தியலும் காணும், இரண்டும் என்னிடம் இருக்கிறது.