கிட்டார் உடம்பு முழுக்க சூப்பர் குளூவா? சுங்கை சிப்புட்டில் வேண்டாம்

போன வாரம் ஒரு தம்பி துண்டில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தான். பட்டறை என்றால் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட இடம்தான். பிரித்தால், பால்மரக் கட்டையில், அதாவது ரப்பர் மரத்தில், அவனே வெட்டிச் செதுக்கிய எலக்ட்ரிக் கிட்டார் உடம்பு. வடிவம் நன்றாகவே வந்திருந்தது. மேலே மட்டும் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்துத் தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டு. நான் கேட்கும் முன்பே அவனே ஆரம்பித்துவிட்டான்: "சூப்பர் குளூண்ணே. வீடியோவுல அந்த ஆளு ஒரே நாள்ல முடிச்சிட்டாரு. எனக்கு மட்டும் இப்படி ஆயிருச்சு."

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் இதே வேலையைச் செய்து பட்டவன்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

கிட்டார் பக்கம் போகாதவர்களுக்கு ஒரு விளக்கம். மஹோகனி, ரோஸ்வுட், நம் பால்மரம் இவற்றையெல்லாம் எவ்வளவு இழைத்தாலும் மேலே பொடிப் பொடித் துளைகள் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஊசியால் கீறியது போலத் தெரியும். மேப்பிளில் இந்தத் தொல்லை இல்லை, அதன் துளைகள் அவ்வளவு நுண்ணியவை. துளைகளை அடைக்காமல் லேக்கர் என்ற பளபளப்புப் பூச்சை அடித்தால் முதல் நாள் கண்ணாடி மாதிரி இருக்கும். லேக்கர் காயக் காய உள்ளே இறங்கி, ஒரு மாதம் கழித்து அதே கீறல்கள் மேலே வந்து நிற்கும். அதனால்தான் முதலில் துளையை அடைக்க வேண்டியிருக்கிறது. எதைக் கொண்டு அடைப்பது என்பதில்தான் சண்டையே.

சூப்பர் குளூ கட்சிக்காரர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நிமிடத்தில் இறுகும். தெளிவாக இருக்கும். கரைப்பான் கலந்த ஃபில்லர் (துளை அடைக்கும் பூச்சு) மாதிரி காய்ந்த பிறகு பெரிதாகச் சுருங்காது. மேலே லேக்கரோ பாலியூரித்தேனோ அடிக்கலாம், பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டில் நல்ல கிட்டார் செய்கிறவர்களே இதைப் பயன்படுத்துகிறார்கள். மட்டமான வழி என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் இந்தப் பசை எதனால் இறுகுகிறது என்று யோசித்துப் பாருங்கள். காற்றில் காய்ந்து இறுகுவதில்லை. ஈரம் பட்டுத்தான் இறுகுகிறது. 1942இல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தின் ஹாரி கூவர் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இந்த ரசாயனம் கையில் சிக்கியது. தொட்ட இடமெல்லாம் ஒட்டுகிறது, தொல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். 1951இல் மறுபடி கையில் எடுத்தபோதுதான் அந்தத் தொல்லைதான் சரக்கே என்று புரிந்தது. 1958இல் கடைக்கு வந்தது. எந்தப் பொருளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருக்கும். இதற்கு அது போதும்.

நம் ஊரில் அந்தப் படலம் மட்டுமா இருக்கிறது? காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70இலிருந்து 90 விழுக்காட்டில் நிற்கும் நாடு இது. சுங்கை சிப்புட்டில் விடியற்காலை பனி இறங்கும்போது சுவரைத் தொட்டால் கை நனையும். மதியம் வெயில் பொளக்கும், நாலு மணிக்கு மழை கொட்டும். இந்தக் காற்றில் ஓர் உடம்பு முழுக்கப் பசையைப் பரப்பினால், அதிலிருந்து எழும் ஆவி ஈரக்காற்றைச் சந்தித்து அங்கேயே இறுகி, வெள்ளைப் பொடியாகத் திரும்ப மரத்தின் மேலேயே விழும். அந்தத் தம்பியின் திருநீறு அதுதான். மேலே இருப்பதைச் சாண்ட்பேப்பரால் தேய்த்து எடுத்துவிடலாம். துளைக்குள் உட்கார்ந்ததை என்ன செய்வது? போதாக்குறைக்கு, அவன் தேய்த்த தூளைத் துடைக்காமலே இரண்டாவது கோட் போட்டிருக்கிறான். சீக்கிரம் இறுகட்டும் என்று ஆக்டிவேட்டர் வேறு அடித்திருக்கிறான். அது பசையை நுரைக்கவைத்துவிட்டது. எல்லாம் மழை நாளில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு.

இப்போது என் கதை. அப்போது நான் ஒரு ஃபர்னிச்சர் ஃபேக்டரியில் ஸ்ப்ரே அடிக்கும் வேலையில் இருந்தேன். நமக்குத் தெரியாத ஃபினிஷிங்கா என்ற திமிர். நியாத்தோ மரத்தில் செய்த ஓர் உடம்பில் பசையை ஊற்றி, பழைய கைலியைக் கிழித்து மடித்து வழிக்க ஆரம்பித்தேன். இரண்டு இழுப்புதான். விரலில் சுருக்கென்றது. துணியிலிருந்து புகை கிளம்பியது. உதறினால் விழவில்லை, விரலோடு ஒட்டிக்கொண்டது. பருத்தியும் இந்தப் பசையும் சேர்ந்தால் அப்படிச் சூடு பிறக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. குழாயடிக்கு ஓடினேன். ஆள்காட்டி விரலில் வட்டத் தழும்பு இன்னும் இருக்கிறது, வருகிற பையன்களிடமெல்லாம் காட்டுவேன். நீங்கள் கேட்காமல் பூசத்தான் போகிறீர்கள் என்றால், பருத்திக் கையுறையும் துணியும் பக்கத்திலேயே வரக்கூடாது. பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழியுங்கள், நைட்ரைல் கையுறை போடுங்கள். ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். கொரோனா காலத்து முகக்கவரி அதற்கு உதவாது, ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். அதெல்லாம் வாங்குகிற காசில் வேறு நல்ல ஃபில்லரே வாங்கிவிடலாம், அது வேறு விஷயம்.

சாயம் கதையும் உண்டு. பசை ஊறிய இடத்தில் ஸ்டெயின் பிடிக்காது. முழுக்கத் தேய்த்து மரத்துக்கு இறங்கிவிட்டோம் என்று நினைப்போம். சாயம் பூசியதும் வெளுத்த தேமல் மாதிரி அங்கங்கே முழிக்கும். முதலில் சாயம், பிறகு பசை என்று மாற்றிச் செய்தால், தேய்க்கும்போது சாயமும் சேர்ந்து போகும். அக்கூஸ்டிக் கிட்டாரின் ஸ்புரூஸ் பலகையில் தண்ணியாய் ஓடும் சூப்பர் குளூ ஒரு சொட்டு சிந்தினால் போதும், உள்ளே ஓடிக் கறையாகிவிடும். அதற்குத்தான் தெரிந்தவர்கள் முதலில் ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) ஒரு கை பூசிவிட்டு அப்புறம் பசைப் பாட்டிலைத் திறப்பார்கள்.

இவ்வளவு சொல்கிற என் மேஜையிலும் கம் காஜா இல்லாத நாள் கிடையாது. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஃபெவிகுவிக் என்றால் புரியும். விரல் வைக்கும் ஃபிரெட்போர்டில் சில்லு பெயர்ந்தால், கழுத்து முனையில் கம்பியைத் தாங்கும் நட்டின் பள்ளம் தேய்ந்து கம்பி அடித்தால் (எலும்புத் தூளைப் போட்டு ஒரு சொட்டு), பெயிண்ட் குழிந்தால், இதை விட்டால் வேறு மருந்து எனக்குத் தெரியாது. குழியை அடைத்த பிறகு மட்டம் செய்ய ஓர் உபாயம் உண்டு. ஷேவிங் பிளேடின் இரு ஓரத்திலும் செலோடேப்பைச் சுற்றி, நடுவில் கொஞ்சம் மட்டும் வெட்டும்படி விடுங்கள். மேடான பசையின் மேல் மெல்லச் சுரண்டினால், டேப் பக்கத்துப் பெயிண்டின் மேல் சறுக்கிக்கொண்டே போகும், பிளேடு பசையை மட்டும் சீவும். மட்டத்துக்கு வந்ததும் சுரண்டும் சத்தம் அடங்கிவிடும். நகக்கண் அளவு வேலைக்கு இந்தப் பசை ராஜா. ஓர் உடம்பையே அதில் குளிப்பாட்ட வேண்டுமா?

உடம்பு முழுக்க என்றால் என் ஓட்டு எபோக்சிக்கு. அது பிசினும் அதை இறுகவைக்கும் திரவமும் தனித்தனியாக வரும் பசை. இரண்டையும் கலந்து, அட்டையால் நார் ஓட்டத்துக்குக் குறுக்காக அழுத்தி வழித்து, மறுநாள் தேய்த்து, இன்னொரு முறை. அதற்கும் நம் ஈரம் பிடிக்காது, மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் விடும். ஆனால் தண்ணீரில் நனைத்துத் துடைத்தால் அது போய்விடும். மூன்று நான்கு நாள் ஆகும். ஆகட்டுமே. கட்டையை அறுக்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டவனுக்குத் துளையை அடைக்க மட்டும் ஏன் ஒரு மணி நேரம்?

"பால்மரம்ல, அதுக்குள்ள பால் இருக்கும், எதுவும் சரியாப் பிடிக்காது" என்று ஒரு பேச்சு இங்கே ஓடுகிறது. பால் ஓடுவது பட்டையில். கட்டைக்கு அதோடு சம்பந்தமில்லை. கட்டைக்கு வருகிற வியாதி பூஞ்சையும் வண்டும்தான், அறுத்த சூட்டோடு போரான் மருந்தில் ஊறவைக்காவிட்டால் நீலம் பாய்ந்துவிடும். அந்தப் பேச்சை எங்கள் அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார். எஸ்டேட்டில் பால் வெட்டியவர் அவர். 1877இல் வந்த முதல் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்பது இங்கே பக்கத்தில், கோலகங்சாரில்தான். சின்ன வயதில் என்னை அங்கே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியவரும் அவரே. மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு இல்லை, பால் தண்ணீரோடு வழிந்து போய்விடும். கிளாக்கர் என்ன கத்தினாலும் ஈர மரத்தில் கத்தி வைக்க மாட்டோம் என்பார்.

அந்தத் தம்பியின் கிட்டாரைத் தேய்த்து மரத்துக்குக் கொண்டுவர இரண்டு நாள் ஆனது. ஜாக் ஓட்டைக்குப் பக்கத்தில் வெள்ளை ஒரு பொட்டு போகவே இல்லை, இருக்கட்டும் என்று அவனே சொல்லிவிட்டான். நேற்று முதல் எபோக்சியை வழித்துவிட்டு நிமிர்ந்தால், அப்பா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தொடப் போனவரை "காயல, தொடாதீங்கப்பா" என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது அறுநூறா?" என்றார். ஆர்ஆர்ஐஎம் 600, அவர் ஆயுசு முழுக்க வெட்டிய ரப்பர் மர ஜாதி. அறுத்து இழைத்த கட்டையைப் பார்த்து யாருக்குத் தெரியும்? "இருக்கும்பா" என்றேன்.